புரோக்கருக்கு முன்னால் நாம் போக வேண்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டாரத்தைச் சேர்ந்த குழு ஊக்குநர், கூட்டமைப்பின் முன்னாள் செயலாளர். பேச்சில் வரும் பிள்ளைகளின் பெயர்களும் ஊர்களும் வேண்டுமென்றே சொல்லப்படவில்லை.)



இளம் பிள்ளைகளுக்கான தொழிற்பயிற்சி பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். பத்து நிமிஷம்னு சொல்லியிருக்காங்க. கொஞ்சம் கூடும், பொறுத்துக்கங்க. சாம்பார் கொதிக்கிற வாசனை எனக்கும்தான் வருது.

மேடையில ஏறினா நாம செஞ்ச நல்லதைச் சொல்றதுதான் வழக்கம். இத்தனை குழு, இத்தனை லட்சம் கடன், நூறு சதவீத வசூல். நான் அந்த நூறு சதவீதத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2009-ஆம் வருஷம். எங்கள் குழுவில் ஒரு உறுப்பினர், எனக்கு மதினி முறை. அவர் வீட்டுக்காரர் கொத்தனார் வேலை பார்த்தவர், சாரத்தில் இருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். மதினி குழுவில் 15,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். மூன்று தவணை நின்றுபோனது. அடுத்த மாதம் பேங்க்கில் இருந்து தர மதிப்பீடு செய்ய வருகிறார்கள். நாங்கள் பன்னிரண்டு பேரும் சாயங்காலம் அவர் வாசலில் போய் உட்கார்ந்தோம். "நீ கட்டலைன்னா எங்க எல்லாருக்கும் அடுத்த லோன் நின்னு போயிரும் மதினி" என்று அதிகமாகப் பேசியது நான்தான். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலாவது மாதம் பாக்கி மொத்தத்தையும் கட்டினார். கூட்டத்தில் கை தட்டினோம். எங்கள் குழு ஏ கிரேடு வாங்கியது. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினோம்.

ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டேன், "எங்க மதினி, பெரிய பிள்ளையைக் காணோம்?" என்று. மில்லுக்குப் போயிருக்கிறாள் என்றார். பத்தாவதில் கணக்கில் பெயில் ஆன பிள்ளை, வயது 15. திண்டுக்கல் தாண்டி ஒரு நூற்பாலையில் ஹாஸ்டலில் தங்கி வேலை. புரோக்கர் கையில் கொடுத்த முன்பணம்தான் எங்கள் நோட்டில் தவணையாக ஏறியிருக்கிறது.

அந்தப் புரோக்கர் யாரோ வெளியூர் ஆள் இல்லை. நம்ம ஊர்ப் பொம்பளைதான், பக்கத்துக் குழு உறுப்பினர். ஒரு பிள்ளையை அனுப்பினால் அவருக்குக் கமிஷன். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன், தன் மகளைத்தான் முதலில் அனுப்பினார். ஆனால் ஒன்று கவனித்தேன். மேலத்தெருவுக்கு அவர் ஒரு நாளும் போனதில்லை. காலனிக்கும், அப்பன் குடிக்கிற வீட்டுக்கும், ஆம்பளை படுத்துக்கிடக்கிற வீட்டுக்கும்தான் வருவார்.

அந்தத் திட்டத்துக்கு என்ன பெயர் தெரியுமா? சுமங்கலித் திட்டம். சில மில்லில் மாங்கல்யத் திட்டம் என்பார்கள். சும்மா கேம்ப் கூலி என்றும் சொல்வார்கள். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து மில்களுக்குத் தென்மாவட்டத்துப் பிள்ளைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள். வயித்துக்குச் சாப்பாடு, டிவி, ஞாயிற்றுக்கிழமை தையல் வகுப்பு, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. நம்ம ஊரில் சொன்னது 36,000 ரூபாய். அந்தக் காலத்தில் அது நமக்கு மலை மாதிரிப் பணம்.

இப்போ குழுவில் வட்டிக் கணக்குப் போடுவோமே, அது மாதிரி இதையும் போடுங்கள். மூன்று வருஷம் என்றால் 36 மாதம். 36,000-ஐ 36-ஆல் வகுத்தால் மாதம் ஆயிரம். அதாவது பிள்ளையின் கூலியில் மாதாமாதம் ஆயிரம் ரூபாயைப் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசியில் அதையே மாலை போட்டுப் பரிசு மாதிரிக் கொடுக்கிறார்கள். வட்டி கிடையாது. இடையில் வந்துவிட்டால் அதுவும் கிடையாது. நம்ம குழுவில் ஒரு உறுப்பினர் விலகிப் போனால் அவர் சேமிப்பைத் திருப்பிக் கொடுக்கிறோமா இல்லையா? நாலாவது படித்த நாம் செய்கிற நியாயம் அங்கே இல்லை.

மதினி மகள் இரண்டு வருஷம் இரண்டு மாதம் இருந்தாள். மூச்சு இழுப்பு வந்து, ரத்தம் குறைந்து, பாதி ஆளாக வந்து இறங்கினாள். பஞ்சுத் தூசு. பத்து மாதம் பாக்கி இருக்கிறது, அதனால் பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் நாலு தடவை போனோம். மூன்று தடவை கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை. தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்த பிறகு 11,000 ரூபாய் வந்தது. பிடித்த காசில் பாதிகூட இல்லை.

ஒரு நாள் அவளிடம் கேட்டேன், "அங்க என்னம்மா கத்துக்கிட்ட?" என்று. அவளுக்குக் கொடுத்த அடையாள அட்டையில் 'பயிற்சியாளர்' என்றுதான் எழுதியிருந்தது. அவள் சொன்னாள்: "சைடு பாக்கக் கத்துக்கிட்டேன் அத்தை. அறுந்த இழையைச் சேக்கணும், நிரம்பின கட்டையை மாத்தணும். மூணு மாசத்துல வந்துருச்சு. மிச்சம் இருபத்து மூணு மாசம் என்ன கத்துக்கிட்டேன்னு எனக்குத் தெரியல."

பயிற்சி என்கிற வார்த்தையை நமக்கு முன்னாலேயே அவர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். குறைந்த கூலிக்கு ஒரு மூடி அது. 1961-ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி ஒருவரைப் பழகுநர் என்று வைத்தால் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து வேண்டும், உண்மையிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும். மதினி கைநாட்டு வைத்த தாளில் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியாது, புரோக்கருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மில்லுக்குப் போன எல்லாப் பிள்ளையும் அழுதுகொண்டு திரும்பவில்லை. "மூணு வேளைச் சோறு அத்தை, அப்பன் அடி கிடையாது" என்று சொன்ன பிள்ளையும் உண்டு. அவள் சொன்னதும் நிஜம்தான். மில் வேலை கேவலமான வேலை இல்லை. 18 வயது முடிந்து, கூலி தன் கணக்கில் மாதாமாதம் விழுந்து, பிஎப், இஎஸ்ஐ பிடித்து, வேண்டாம் என்றால் விட்டு வர முடிகிற வேலையாக இருந்தால் தாராளமாகப் போகட்டும். வேறு வழியே தெரியாமல், 15 வயதில், கடனுக்கு ஈடாகப் போனதைத்தான் நான் சொல்கிறேன்.

ஆம்பளைப் பிள்ளைகள் கதை வேறு. நம்ம பக்கத்துப் பையன்கள் எங்கே போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வடக்கே முறுக்குக் கம்பெனி. இல்லையென்றால் போர்வெல் லாரி. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், 13 வயது, மகாராஷ்டிராவில் முறுக்குப் போடுகிற இடத்தில் இருந்தான். அப்பன் வருஷத்துக்கு என்று மொத்தமாக முன்பணம் வாங்கியிருந்தார். விடிகாலை எழுந்தால் ராத்திரிதான் படுக்கை. எண்ணெய் தெறித்துக் கை வெந்த பிறகு யாரோ ஒருத்தர் போனை வாங்கி அம்மாவுக்குப் பேசினான். நாங்கள் 1098-க்குப் போன் போட்டோம். குழந்தைகளுக்கான இலவச எண் அது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தைக் காட்டி ஆளைப் போக விடாமல் வைத்திருந்தால் அது கொத்தடிமைதான், 1976-லேயே அதை ஒழிக்கச் சட்டம் போட்டாயிற்று, கலெக்டரிடமோ கோட்டாட்சியரிடமோ மனுக் கொடுக்கலாம் என்பதெல்லாம் அந்த நாலு நாளில்தான் கற்றுக்கொண்டோம். பையன் வந்து சேர்ந்தான். ஊரே போய்ப் பார்த்தது. பேப்பரில்கூட நாலு வரி வந்தது.

பிறகு? பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், உட்கார முடியவில்லை. மூன்று வருஷம் விட்டுப்போன பிள்ளைக்கு அந்த வகுப்பில் என்ன புரியும்? சின்னப் பிள்ளைகள் 'முறுக்கு' என்று கூப்பிட்டார்கள். மந்தையில் சும்மா உட்கார்ந்திருந்தான். ஆறு மாதத்தில் ராத்திரியோடு ராத்திரியாகப் போர்வெல் லாரியில் ஏறிப் போய்விட்டான். அவனைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்று நாங்கள் படித்திருந்தோம். வந்த பிறகு அவன் கையில் எதைக் கொடுப்பது என்று யாரும் யோசிக்கவில்லை.

இங்கேதான் தொழிற்பயிற்சி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் நாம் சறுக்கின கதை. நாங்கள் தொடங்கியது தையல் பயிற்சியில். கூட்டமைப்புக் கட்டடத்திலேயே மூன்று மாதம், 25 பிள்ளைகள். சான்றிதழ் கொடுத்தோம், போட்டோ எடுத்தோம். இன்றைக்கு அதில் தைக்கிறவர்கள் மூன்று பேர். சிரிக்காதீங்க, உங்க ஊர்லயும் அதே கதைதான். ஜாக்கெட் தைக்க ஊரில் ஏற்கெனவே நாலு பேர் இருக்கும்போது இன்னும் 25 பேர் எங்கே போவார்கள்? மிஷின் வாங்கக் கடனுக்கு வழி செய்யவில்லை, ஆர்டர் எங்கே கிடைக்கும் என்று பார்க்கவில்லை. தையல் பொம்பளைப் பிள்ளைக்கு ஏற்ற வேலை என்று யோசிக்காமல் முடிவு செய்தோம்.

அடுத்த சறுக்கல் இன்னும் மோசம். இலவசப் பயிற்சி, விடுதி, வேலை உத்தரவாதம் என்று ஒரு பயிற்சி மையக்காரர் வந்தார். நாங்களே வீடு வீடாகப் போய் ஒன்பது பிள்ளைகளைச் சேர்த்துவிட்டோம். பயிற்சி முடிந்து வேலை போட்டுக் கொடுத்தார்கள். எங்கே? வெளியே பூட்டுகிற ஒரு ஹாஸ்டலில். போன் கிடையாது, வாரத்துக்கு ஒரு தடவை வார்டன் போனில் ஐந்து நிமிஷம். புரோக்கர் செய்த வேலையை ஜிப்பா போட்டுக்கொண்டு செய்தார்கள், நாங்கள் கமிஷன் வாங்காத புரோக்கர்களாக இருந்தோம். ஒன்பது பேரையும் கூட்டிவந்தோம். அதில் ஒரு பிள்ளையின் அம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

அதற்குப் பிறகுதான் நாங்கள் வாயைத் திறந்து கேட்கக் கற்றுக்கொண்டோம். இப்போது யார் வந்து பயிற்சி என்று சொன்னாலும் குழுக் கூட்டத்தில் உட்கார வைத்துக் கேட்கிறோம். முடிவில் யார் கொடுக்கிற சான்றிதழ், அரசு முத்திரை உண்டா? வேலை எந்த ஊரில், எந்த முதலாளியிடம்? பயிற்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லுங்க. சம்பளம் பிள்ளை பெயரில் இருக்கிற பேங்க் கணக்கில் விழுமா? பிள்ளை போன் வைத்துக்கொள்ளலாமா? ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சொல்லாமல் வந்தால் பார்க்க விடுவீர்களா? பாலியல் தொந்தரவு புகாருக்கு உள்ளே கமிட்டி இருக்கிறதா, அதில் யார் யார்? 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் அது இருந்தாக வேண்டும். நல்ல மையம் நடத்துகிறவர்கள் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை. டீ குடித்துவிட்டு நிதானமாகப் பதில் சொல்கிறார்கள். ஒருத்தர் "மொபைல் எல்லாம் எதுக்குங்க, புள்ளைக கெட்டுப் போயிரும்" என்றார். அவருக்கு டீ மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

சரி, நல்ல வழி எது? நான் பார்த்தவரைக்கும் நம்ம பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே இருந்து நாம் திரும்பிப் பார்க்காத இடம் அரசு ஐடிஐ. தொழிற்பயிற்சி நிலையம். பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், பஸ் பாஸ். பெண்களுக்கு மேல் வயது வரம்பே கிடையாது. இங்கே இருக்கிற நாற்பது வயசுக்காரிகூடச் சேரலாம். எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு அக்கா "அப்ப நான் போயிர்றேன்டி, எம்மக சமைக்கட்டும்" என்றார்.

எல்லாரையும்விட நமக்கு முக்கியமான விஷயம் இதுதான், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பத்தாவது பெயில் ஆன பிள்ளைக்கும் ஐடிஐ-யில் இடம் உண்டு. வெல்டர், வயர்மேன், தையல் தொழில்நுட்பம் மாதிரிச் சில பிரிவுகளுக்கு எட்டாவது தேறியிருந்தால் போதும். 2009-ல் இது எனக்குத் தெரியாது. மதினிக்கும் தெரியாது. கணக்கில் பெயில் ஆன அன்றைக்கே அந்தப் பிள்ளைக்கு எல்லாம் முடிந்துபோனது என்று நாங்கள் நினைத்தோம். புரோக்கருக்கு மட்டும் அந்த வீட்டு வாசல் தெரிந்திருந்தது.

2022 செப்டம்பரில் இருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு வருகிறது. கல்லூரிப் பிள்ளைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐடிஐ, டிப்ளமோ போகிற பெண்ணுக்கும் உண்டு. இந்தத் திட்டம் முன்னால் என்னவாக இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம். படித்த பெண்ணின் கல்யாணத்துக்கு 25,000, பட்டதாரி என்றால் 50,000, கூடவே எட்டு கிராம் தங்கம். அதைத்தான் படிக்கும்போதே மாதாமாதம் கையில் கொடுப்பதாக மாற்றினார்கள். தாலிக்குத் தங்கம் போச்சே என்று முதலில் நானும்தான் வருத்தப்பட்டேன். இப்போது கணக்குப் பார்க்கிறேன். 750-ம் 1,000-ம் சேர்த்து 1,750 ரூபாய் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளும்போதே அவள் கணக்கில் விழுகிறது. மில்லில் மாதம் ஆயிரம் பிடித்தார்கள்.

ஆனால் திட்டம் இருந்தால் மட்டும் பிள்ளை போய்ச் சேராது. புரோக்கர் ஏன் ஜெயித்தார் என்று நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம். அவர் நாள் தவறாமல் வருவார். பரீட்சை ஏப்ரலில் முடியும், ரிசல்ட் மே மாதம் வரும். ரிசல்ட் வந்த மறுவாரம் அவர் வாசலில் நிற்பார். கையில் ரொக்கம் இருக்கும், வண்டி ரெடியாக இருக்கும், ஒரு சான்றிதழும் கேட்க மாட்டார். நாமோ, ஐடிஐ விண்ணப்பம் போட வேண்டும் என்று தெரிந்து, வருமானச் சான்றுக்கு அலைந்து, சாதிச் சான்று பெயரில் ஒரு எழுத்துத் தப்பாகி, ஆதாரில் பிறந்த தேதி மாறி, பேங்க் பாஸ்புக் இல்லாமல், எல்லாம் சரியாகிற நேரத்தில் கடைசித் தேதி முடிந்திருக்கும். பிள்ளை அதற்குள் திண்டுக்கல் பஸ் ஏறியிருக்கும்.

அதனால் நாங்கள் ஒரு நோட்டுப் போட்டோம். நூறு பக்க நோட்டுதான், பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஜனவரி மாதமே ஊராட்சியில் எட்டு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைகள் பெயர், இடையில் நின்ற பிள்ளைகள் பெயர், எல்லாம் எழுதிவிடுவோம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு உறுப்பினர் பொறுப்பு. பிப்ரவரிக்குள் சாதிச் சான்று, வருமானச் சான்று, பிள்ளை பெயரில் பேங்க் கணக்கு. பேங்க்குக்கு நாம் போகாத நாளா? கூட ஒரு பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டியதுதானே. எந்த வீட்டில் கடன் தவணை நிற்கிறது என்று நமக்குத்தான் முதலில் தெரியும். அந்த வீட்டுப் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு புள்ளி. தவணை நின்ற வீட்டு வாசலில் இப்போதும் போய் உட்காருகிறோம். ஆனால் முதலில் பேசுவது பிள்ளையைப் பற்றி. தவணையைத் தள்ளிப்போடத் தீர்மானம் போடுகிறோம், தேவைப்பட்டால் உள்கடன் கொடுத்துப் பாக்கியை அடைக்கிறோம். ஏ கிரேடு போனால் போகட்டும் என்று ஒரு வருஷம் விட்டோம். போகவில்லை, அது வேறு விஷயம்.

நோட்டில் இருந்து போன முதல் பிள்ளை வெல்டிங் படித்தது. அதன் பாட்டி ஆடின ஆட்டம் இருக்கிறதே! "நெருப்பு வேலையா? மொகம் கருத்துப்போச்சுன்னா எவன் வந்து கட்டுவான்? மேஸ்திரி பூராம் ஆம்பளையில்ல?" வாசலில் மண்ணை வாரித் தூற்றாத குறை. எனக்குக்கூட உள்ளுக்குள் பயம்தான். நாங்கள் ஐந்து பேர் பாட்டியையே ஆட்டோவில் ஐடிஐ-க்குக் கூட்டிப் போனோம். அங்கே பிள்ளைகள் முகமூடி, கையுறை, தோல் ஏப்ரன் போட்டு நிற்பதைப் பார்த்துவிட்டுப் பாட்டி கேட்ட ஒரே கேள்வி, "கக்கூசு இருக்கா?" இருந்தது. சரி என்று சொல்லிவிட்டது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அந்தப் பிள்ளை இப்போது ஒரு கிரில் பட்டறையில் வேலை செய்கிறது. காலையில் போய் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடும். பட்டறைக்காரர் முதலில் ஆம்பளைகளைவிடக் கூலி குறைத்துக் கொடுத்தார். நாங்கள் ஒரு நடை போய்ப் பேசினோம். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல மாட்டேன். கூலி கூடியிருக்கிறது, இன்னும் சமமாகவில்லை. அடுத்த மாதம் இன்னொரு நடை போக வேண்டும்.

இன்னொரு பிள்ளை நாலு மாதத்தில் நின்றுவிட்டது. பஸ் இரண்டு மாற வேண்டும், சாயங்காலம் கடைசி பஸ்ஸில் ஒரு பையன் தொந்தரவு. அதை எங்களிடம் சொல்லவே மூன்று வாரம் ஆனது. சொல்லியிருந்தால் 181-க்குக் கூப்பிட்டிருக்கலாம், நாங்களே பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கலாம். இப்போது ஒரே ரூட்டில் போகிற பிள்ளைகளை ஒரே பிரிவிலோ ஒரே நேரத்திலோ சேர்க்கப் பார்க்கிறோம்.

18 தாண்டின பிள்ளைகளுக்கு, அதாவது மில்லில் இருந்து திரும்பி வந்தவர்களுக்கு, வேறு வழிகள் இருக்கின்றன. பேங்க்குகள் மாவட்டத்துக்கு ஒன்றாக நடத்துகிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம், ஆர்செட்டி என்பார்கள், 18 வயது முதல் இலவசமாக, சாப்பாடும் போட்டுக் கற்றுக்கொடுக்கிறார்கள். செல்போன் ரிப்பேர், மோட்டார் காயில் கட்டுவது, இன்னும் பல. நம்ம பக்கம் எத்தனை கிணறு, எத்தனை மோட்டார்! காயில் கருகினால் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஊருக்கு இரண்டு பிள்ளைகள் அதைக் கற்றிருந்தால் எப்படியிருக்கும்? வாழ்வாதார இயக்கத்தின் வழியாக நடக்கிற தீன் தயாள் உபாத்யாயா திட்டம் 15 முதல் 35 வயது வரை. அதற்கு ஆள் எடுக்க இளைஞர் திறன் திருவிழா நடத்துகிறார்கள். போங்கள், ஆனால் நான் முன்னே சொன்ன கேள்விகளை எல்லாம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

போர்வெல் லாரியில் போன பையனைச் சொன்னேனே. இரண்டு வருஷம் கழித்து அவனாகவே வந்தான், விரல் ஒன்று இல்லாமல். எட்டாவதை நேரடித் தேர்வு எழுத வைத்தோம். வயர்மேன் பிரிவில் சேர்ந்தான். படிப்பு என்றால் ஓடுகிற பயல், ஒயரைக் கையில் கொடுத்தால் விடமாட்டேன் என்கிறான். நம்ம கூட்டமைப்புக் கட்டடத்தில் மின்விசிறி சுற்றுகிறது இல்லையா, அது அவன் மாட்டியது. கொஞ்சம் சத்தம் வருது, சொல்லியிருக்கேன்.

கடைசியாக ஒன்று. போன வருஷம் ஒரு மில் ஹாஸ்டலுக்கு நம்ம பிள்ளை ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். உள்ளே இருந்ததில் முக்கால்வாசி ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள். நம்ம பிள்ளைகள் குறைந்த இடத்தில் அவர்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் வேற பிள்ளைக்குக் கொண்டுபோன முறுக்கு, அதிரசத்தை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பாஷையில் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க முடியாது, ஆயிரம் மைல் தூரம். மில்லுக்குப் பக்கத்து ஊராட்சிகளில் இருந்து வந்திருக்கிற சகோதரிகள் இங்கே இருப்பீர்கள். உங்க ஊர்ல கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்கும், அதில் மகளிர் குழு உறுப்பினருக்கும் இடம் உண்டு. அந்தப் பிள்ளைகளும் உங்க ஊர்ப் பிள்ளைகள்தான் என்று அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் சொல்லுங்கள்.

மதினி மகளைப் பற்றிக் கேட்பீர்கள். முப்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள், நூறு நாள் வேலைக்குப் போகிறாள். மழைக்காலத்தில் இன்னும் இழுப்பு வரும். எந்தப் பயிற்சிக்கும் அவளை நான் அனுப்ப முடியவில்லை. கூப்பிட்டேன், வரவில்லை. குழுவிலும் சேரவில்லை, அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். போன மாதம் ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்தாள். "அந்த நோட்டுல எம்மக பேரு இருக்கா அத்தை?" என்று கேட்டாள். "அவ ஏழாவதுதானம்மா படிக்கிறா, அடுத்த வருஷம் எழுதுவோம்" என்றேன். "இப்பவே எழுதிக்கங்க" என்றாள். எழுதிக்கொண்டேன்.

ஊராட்சிக்கு ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறோம், அதோ மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரிக்கு இன்னும் ரொம்ப நாள் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னாலேயே எடுங்க, அப்புறம் பஸ்ஸுக்கு ஓடுவீங்க.